கட்டைவிரல் இருந்த இடம்

என் அத்தையைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிப்பியக்கா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். மரத்தில் பள்ளம் வெட்டி, அதில் சிப்பியையும் பித்தளைக் கம்பியையும் பதித்துப் பூவும் கொடியுமாக ஆக்குவது அவள் தொழில். பதினெட்டு வயதில் ஒரு அலங்காரப் பெட்டிக் கம்பெனியில் சேர்ந்து கற்றுக்கொண்டது. அங்கேயே ஒருவரைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். அவருக்கு ஐந்தே வருடத்தில் வேறொருத்தியைப் பிடித்துப்போய்விட்டது. ஒரு தகரப் பெட்டி நிறைய அரங்களையும் உளிகளையும் தூக்கிக்கொண்டு அத்தை அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்த அண்ணன்தான் என் அப்பா.

அப்பா தச்சர். மரப்பெட்டி செய்வதில் பெயர் எடுத்தவர். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அம்மா சொல்வாள், பேச்சு அவ்வளவு குறைவு. தங்கை வந்த அன்றும் அவர் ஒன்றும் கேட்கவில்லையாம். வீட்டின் பின்பக்கத்துப் பட்டறையில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றின் கீழே அடுக்கியிருந்த பலகைகளையெல்லாம் அகற்றினார். அத்தையை ஒரு முக்காலியில் உட்காரச் சொல்லி, தரையிலிருந்து அவள் முழங்கை வரைக்கும் அளவெடுத்தார். மூன்றாம் நாள் அந்த உயரத்துக்கு ஒரு மேசை அங்கே நின்றது. பேச்சில்லாமல் முடிந்த விஷயம்.

அதன்பிறகு இருபத்தாறு வருடம் ஒரே பட்டறை. அப்பா பெட்டி செய்வார், அத்தை மூடியில் சிப்பி பதிப்பாள். நடுவில் ஒரு ரேடியோ. அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அதுதான் பேசும்.

அப்பாவிடம் பலகையைச் சீவி வழவழப்பாக்குகிற இழைப்புளி ஒன்று இருந்தது. இருபது வயதில் அவரே செய்தது. யாரோ கழித்துப்போட்ட செக்கு உத்திரத்திலிருந்து ஒரு துண்டை அறுத்தெடுத்து, வாய் வெட்டி, ஆப்பு செதுக்கி, இரும்புத் தகடு மட்டும் கடையில் வாங்கிப் பொருத்தியது. எண்ணெயும் வியர்வையும் ஏறி ஏறி அது கறுத்துப்போயிருந்தது. எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற மனுஷன், இழைப்புளியை இரவல் கேட்டால் மட்டும் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார்.

அத்தைக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. "ஊர்ல இருக்கிற பெட்டியெல்லாம் நம்ம பட்டறையில இருந்து மினுமினுன்னு போகுது. உங்க இழைப்புளி மட்டும் அடுப்புல இருந்து உருவின கட்டை மாதிரி கெடக்கு" என்பாள். அது வேலை செய்கிறது, அது போதும் என்பார் அப்பா. வருடத்துக்கு நாலு தடவையாவது இந்தப் பேச்சு நடக்கும்.

அப்பாவின் கண்ணில் கோளாறு என்று எனக்கும் அத்தைக்கும் தெரிந்ததே தாமதமாகத்தான். டீயைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். வாசல்படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்கினார். அம்மா எனக்கு போன் செய்தாள். நான் இருந்தது பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள ஊர். வரவழைத்துக் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் கூடவே அழுத்தம், நெடுநாளாக. நரம்பு எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்று ஆபரேஷன் முடிந்துதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் குனியக்கூடாது, தூசியில் நிற்கக்கூடாது. பட்டறைக்காரருக்குத் தூசி இல்லாத இடம் ஏது? அதனால் அப்பாவும் அம்மாவும் என் வீட்டிலேயே தங்கினார்கள்.

பட்டறையில் அத்தை மட்டும். அவர்கள் என் வீட்டுக்கு வந்த முதல் வாரமே எனக்கு போன் செய்தாள். அண்ணன் கண் தெரிந்து திரும்பி வரும்போது, வந்ததும் பார்ப்பதற்கு அழகாக ஒன்று இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"அந்த இழைப்புளிய எடுத்து சிப்பி வெச்சிடட்டுமா? அவர் கோவிச்சுக்குவாரா?"

"அப்பா எதுக்கு அத்தை கோவிச்சுக்கப் போறார். தாராளமா செய்ங்க" என்றேன்.

ஒரு கையில் போனும் ஒரு கையில் ஈரத் தட்டுமாக நின்றுகொண்டு சொன்னது. அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அப்பா அடுத்த அறையில்தான் படுத்திருந்தார். கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டுவிட்டால் அப்புறம் அதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

ஐந்து வாரம் அத்தை வேறு எந்த வேலையையும் தொடவில்லை. பச்சையும் நீலமுமாக மின்னும் ஒரு ஜாதிச் சிப்பியைப் பதினைந்து வருடமாக யாருக்கும் வெட்டாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அதை எடுத்தாள். காகிதத்தில் கொடி வரைந்து, இழைப்புளியின் இரண்டு பக்கமும் ஒட்டிப் பார்த்தாள். தண்டுக்குப் பித்தளைக் கம்பி. இலைக்கு நகத்தின் கனத்தில் சிப்பித் துண்டு, மயிரிழை ரம்பத்தால் அறுத்தது. ஒவ்வொரு இலையையும் மரத்தின்மேல் வைத்து, சுற்றிலும் கத்தி முனையால் கீறி, உள்ளே உளியால் தோண்டி, அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்துப் பதித்தாள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். விரலால் தடவினால் மரம் எங்கே முடிகிறது, சிப்பி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அவள் கை அப்படி.

தச்சுப் பட்டறையில் காலம் தள்ளியவள், அதனால் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். அடிப்பக்கத்தைத் தொடவில்லை. தகடு இறங்கும் வாயைத் தொடவில்லை, ஆப்பைத் தொடவில்லை. வேலை செய்யும் இடம் எதிலும் கை வைப்பதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் ஆரம்பித்தாளாம்.

பின்பக்கத்தில், இடது ஓரமாக, ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. புளியங்கொட்டையை அமுக்கி எடுத்த மாதிரி, வழவழவென்று. கணு விழுந்த இடமாக இருக்கும், பழைய பழுது என்று அத்தை எடுத்துக்கொண்டாள். கொடி முடியும் இடமும் சரியாக அங்கேதான் வந்தது. பூ வைக்க இதைவிட நல்ல இடம் வேண்டுமா? பள்ளத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கி, எட்டு இதழில் ஒரு பூவை இறக்கி, சுற்றியுள்ள மரத்தோடு மட்டமாகத் தேய்த்தாள். அந்தப் பூவுக்கு மட்டும் மூன்று நாள் பிடித்தது. வாழ்நாளில் அவள் செய்ததிலேயே அதுதான் உசத்தி. பார்த்த யாரும் இதில் மாறுபட்டுச் சொன்னதில்லை.

அப்பாவை நானே கொண்டுவந்து விட்டேன். வலது கண் தெளிந்திருந்தது. இடது கண் திரும்பவில்லை, இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கைக்கு போனில் சொல்லவேண்டாம், நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா தடுத்துவிட்டார்.

காலை வெயில் பட்டறைக்குள் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அத்தை மேசைமேல் இருந்த துணியை விலக்கினாள். அப்பா இழைப்புளியை எடுத்து வலது கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"ரொம்ப நல்லாயிருக்கும்மா. இந்த வேலைய வேற ஆள் செய்ய முடியாது" என்றார்.

அப்பா வாயிலிருந்து இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல வந்ததே பெரிய விஷயம். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கைக் கட்டைவிரல் அந்தப் பூவின்மேல் போயிற்று, விலகியது, மறுபடி போயிற்று. பூவைத் தடவிக்கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். பிறகு நடந்ததெல்லாம் அம்மாவும் அத்தையும் சொல்லித் தெரிந்ததுதான்.

அப்பா வேலையை ஆரம்பித்தார். முன்பெல்லாம் அவர் இழைத்தால் சுருள் பட்டு நாடா மாதிரி ஒரே கனத்தில் உருண்டு விழும். இப்போது ஒரு ஓரம் தடித்தும் ஒரு ஓரம் கிழிந்தும் விழுந்தது. இழைத்த பலகையையே திரும்பத் திரும்ப இழைத்தார். ஒற்றைக் கண், பழக நாளாகும் என்று அத்தை நினைத்துக்கொண்டாள். ஒரு மாதம் கழித்து அவர் கடையில் போய் ஓர் இரும்பு இழைப்புளி வாங்கிவந்தார். உன் வேலையில் கீறல் விழுந்துவிடும், அது பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லி, பழையதைச் சுவர்த் தட்டில் ஏற்றி வைத்தார். அத்தைக்கு அதில்கூட ஒரு பெருமை.

இரும்பு இழைப்புளியும் கைக்கு வரவில்லை. ஒருநாள் ஒருவர் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூடி ஒரு மூலையில் உட்காராமல் ஆடியது. அப்பாவின் பெட்டி திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை. பெட்டியை வாங்கி வைத்துவிட்டு அவர் வெளியே எழுந்து போய்விட்டார். அம்மாவுக்கு அதற்குமேல் மனசு கேட்கவில்லை. அடுக்களையில் அத்தையை உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வருஷமாவே அவருக்குக் கண்ணு சரியாத் தெரியல. யார்கிட்டயும் சொல்லாதன்னு என் வாயைக் கட்டிட்டார். கட்டைவிரல வெச்சுத்தான் இத்தனை நாளும் வேலை செஞ்சார். அந்தப் பள்ளத்துல விரல் எப்படி உக்காருதோ, அத வெச்சு இழைப்புளி எந்தப் பக்கம் சாயுதுன்னு கண்டுபிடிச்சிடுவார். முப்பது வருஷத்துல அவர் விரல் தேச்ச பள்ளம் அது."

அத்தை எழுந்தாள். பட்டறைக்குப் போய் இழைப்புளியைத் தட்டிலிருந்து இறக்கி, சின்ன உளியை எடுத்துப் பூவின் இதழ் ஓரத்தில் வைத்துவிட்டாள். அதற்குள் அப்பா வந்துவிட்டார். பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. பூவ எடுத்தா பள்ளம்தான் கெடைக்கும். என் விரல் கெடைக்காது."

"அண்ணே, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது? நீ அவ்வளவு ஆசையா எடுத்துக் காட்டுற."

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. அன்றைக்கு அத்தை என்னிடம் போனில் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேறுதல் சொல்லவாவது வந்திருக்கும். "எனக்கு மேசை செய்யறப்ப அவர் என் முழங்கையை அளந்தார். நான் அவர் கைய ஒரு தடவை பாத்திருக்கணும்ல? இருபத்தாறு வருஷம் எதிர்லதானே உக்காந்திருந்தேன்" என்றாள். நானும்தான் சரி என்று சொன்னேன், கேட்காமல் சொன்னேன் என்றேன். நீ பட்டறைக்காரி இல்லையே என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அந்த வருடத்தோடு அப்பா பெட்டி செய்வதை விட்டார். ஒற்றைக் கண்தான் காரணம் என்று ஊருக்குச் சொன்னார். அதில் பாதி உண்மை உண்டு. பள்ளம் இருந்திருந்தாலும் இன்னும் எத்தனை வருடம் ஓடியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அத்தையிடம் இதைச் சொல்லிப் பார்த்தோம். இரண்டு வருடம் ஓடியிருந்தாலும் அது அவருடைய இரண்டு வருடம்தானே என்றாள்.

தெருமுனை இரும்புக்கடைக்காரர் அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். ஆணியும் திருகாணியும் அளவு பார்த்துப் பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டார். விரலால் உருட்டியே முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் என்று அப்பா சொல்லிவிடுவார். இழைப்புளியையும் அந்தக் கடைக் கண்ணாடி அலமாரியில் அவரேதான் கொண்டுபோய் வைத்தார். வருகிறவர்கள் கேட்டால், "என் தங்கச்சி செஞ்சது" என்று சொல்கிறாராம். குரலில் பெருமைதான் இருக்கிறது, குத்தலே இல்லை என்று அம்மா சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறாள். அதனாலேயே அத்தை அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. பசை வேண்டுமென்றாலும் அம்மாவைத்தான் அனுப்புவாள்.

அலமாரியில் அதைப் பார்த்தவர்கள் தங்கள் இழைப்புளியையும் தூக்கிக்கொண்டு அத்தையிடம் வந்தார்கள். முதலில் எல்லோரையும் திருப்பி அனுப்பினாள். வேறு ஊரிலிருந்து மூன்றாம் தடவையாக வந்த ஒரு தச்சருக்குத்தான் மனம் இறங்கினாள். அவர் உள்ளங்கையில் விளக்குக் கரியைப் பூசி, இழைப்புளியைப் பிடித்து ஒரு பலகை முழுக்க இழைக்கச் சொன்னாள். கரி பட்ட இடமெல்லாம் விட்டுவிட்டு, மிச்சத்தில் சிப்பி வைத்தாள். பார்த்தால் கொடி அங்கங்கே அறுந்து அறுந்து போகும். முன்பிருந்த வேலை மாதிரி இல்லையே அக்கா என்று சிலர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். ஆமாம், இல்லைதான் என்பாள்.

பெட்டிகள் இப்போது வெளியிலிருந்து வருகின்றன. மூடியெல்லாம் ஒழுங்காகத்தான் உட்காருகிறது. நாலு மணிக்கு அப்பா கடையிலிருந்து வந்து, அத்தை மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார். ரேடியோவில் என்ன சொன்னான் என்று கேட்பார். அவள் சொல்வாள். அந்த ஒரு விஷயத்தை இரண்டு பேரும் எடுத்துப் பேசி ஒன்பது வருடம் ஆகிறது.

அடுத்த மாதம் அப்பாவின் வலது கண்ணையும் காட்டவேண்டும், அழுத்தம் லேசாக ஏறியிருக்கிறதாம். எப்போதும் அம்மாதான் கூட வருவாள். இந்தத் தடவை தானும் வருவதாக அத்தை சொல்லியிருக்கிறாள். பட்டறையைப் பூட்டிவிட்டு அவள் எங்கும் கிளம்பியதில்லை. எதற்கு அத்தை அலைச்சல், டாக்டர் சொல்வதை நான் சொல்லமாட்டேனா என்றேன். வேண்டாம், நானே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்றாள்.