‘ஆறு காலி’ என்று சொன்ன குரல்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிவியில் பேய்ப் படம் ஓடினால் சிரித்துவிட்டுத் தூங்கப் போகிற ஆள் நான். குடிப்பழக்கமும் கிடையாது. விசாரணையில் அதைத்தான் முதலில் கேட்டார்கள், ரத்தம்கூட எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. நம்பாதவர்கள் கதவணை அலுவலகத்துப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். அன்றைய நேரங்கள் எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. கொஞ்சமும் கை நடுங்காமல் எழுதியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பதினெட்டு வருடம் அந்தக் கதவணையின் கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தேன். ஆற்றின் குறுக்கே பன்னிரண்டு ஷட்டர். இடது கரையோரம் மின் நிலையம். முக்கால் கிலோமீட்டர் கீழே தள்ளிப் பறவைகள் சரணாலயம்: நாணல், சேறு, ஆற்றின் நடுவில் ஒரு நீளமான மணல்திட்டு. ஷட்டர் மூடியிருந்தால் அந்தத் திட்டில் பந்து விளையாடலாம். நாலு ஷட்டரைத் தூக்கினால் ஆறே நிமிடத்தில் அங்கே ஆளை முழுங்குகிற தண்ணீர் வந்துவிடும்.

அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. திறப்பதற்கு முன்னால் சரணாலயத்துக் காவல் அறைக்கு நான் போன் போடுவேன். காவலாளி ஆற்றை நன்றாகப் பார்த்துவிட்டு, “ஆறு காலி” என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வராமல் ஷட்டரைத் தொடக் கூடாது. மேலதிகாரியே பக்கத்தில் வந்து நின்று கத்தினாலும் கூடாது. வார்த்தை வந்த பிறகு மூன்று சங்கு. மூன்றாவது சங்கோடு திறப்பு.

காவலாளி யாரோ எவரோ இல்லை. என் தங்கச்சியைக் கட்டியவன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரே பெஞ்ச். கால் நீளத்தைப் பார்த்து ‘கொக்கு’ என்று அப்போதே பேர் வைத்துவிட்டோம். பிறகு பறவைகளுக்கே காவலாகப் போனான், பேர் நிலைத்துவிட்டது. எப்போது போன் போட்டாலும் அவன் பதில் ஒன்றுதான்.

“ஆறு காலி மச்சான். உன் மண்டை மாதிரி.”

ஒரு நாள்கூட அந்த மண்டையை விட்டதில்லை.

அன்றைக்குக் காலை ஏழு இருபதுக்கு, பாலத்து முனை டீக்கடையில் அவனைப் பார்த்தேன். முகம் சரியில்லை.

“சாயங்காலம் நாலு ஷட்டராமே?”

“ஆமா. மேல இருந்து தண்ணி வருது. ஆர்டர்.”

“திட்டுல ஆள்காட்டிக் குருவி முட்டை வச்சிருக்குடா. பதினொரு கூடு. இன்னும் ரெண்டு நாள்ல பொரிச்சிடும். ஒரே ஷட்டரா கொஞ்சம் கொஞ்சமா விடேன். திட்டு முழுகாது.”

“குருவி முட்டைக்காக நான் மேல போய்ப் பல்லைக் காட்டணுமா? போடா வேலையப் பாத்துக்கிட்டு.”

அவன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான். மேலே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். சரி என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. பெரிய காரணம் எல்லாம் ஒன்றுமில்லை, சலிப்புதான்.

மாலை 5.50. கண்ட்ரோல் ரூமில் நான் மட்டும். கூட இருந்த எலக்ட்ரீஷியன் மின் நிலையத்துக்குப் போயிருந்தான். எங்கள் செல்போன்களை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மேஜையில் ஒரே ஒரு போன். பேசும்போது அதில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். வைத்தால் அணைந்துவிடும்.

6.05. ஜன்னலைத் திறந்தேன். அந்த நேரத்துக்குப் பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். சரணாலயம் பக்கம் சந்தை மாதிரி இரைச்சலாக இருக்கும். அன்றைக்குச் சத்தமே இல்லை.

பறவைகள் வந்திருந்தன. மேலே சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை.

ஆள்காட்டி மட்டும் கத்தியது. திட்டுப் பக்கமிருந்து, விடாமல். மனிதன் பக்கத்தில் போனால்தான் அது அப்படிக் கத்தும். பதினெட்டு வருடம் அங்கே இருந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஏதாவது நாய் புகுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

6.12. காவல் அறைக்குப் போன் போட்டேன்.

எப்போதும் ஏழெட்டு மணி அடித்த பிறகுதான் எடுப்பான். அவன் மாடிப்படி ஏறி வர வேண்டும். அன்றைக்கு முதல் மணியே முடியவில்லை... எடுத்துவிட்டான்.

“கொக்கு, ஆறு எப்படிடா?”

பதில் இல்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திறந்துவிட்ட ஷட்டருக்குக் கீழே நின்றால் கேட்குமே, அந்த இரைச்சல்.

எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு ஷட்டரும் மூடியிருந்தன. கீழே பாறை காய்ந்து கிடந்தது. லைனில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன்.

“ஆறு காலி.”

அவன் குரல்தான். சத்தியமாக அவன் குரல். லேசாகக் கரகரக்கும், அதேதான்.

மண்டைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

“என்னடா, இன்னும் கோவமா?”

“ஆறு காலி. திறங்க.”

திறங்க! முப்பது வருடப் பழக்கத்தில் என்னை அவன் ‘ங்க’ போட்டுப் பேசியதே இல்லை. சரி, கோபத்தில் மரியாதை கொடுக்கிறான் என்று எனக்கும் சுருக்கென்றது. “சரி” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பதிவேட்டில் எழுதினேன். 6.12, ஆறு காலி.

நிமிர்ந்தேன். சிவப்பு விளக்கு அணையவில்லை.

ரிசீவரை எடுத்துத் திரும்ப வைத்தேன். அணையவில்லை. ஒரு தட்டுத் தட்டினேன். எரிந்துகொண்டே இருந்தது.

6.16. முதல் சங்கு. ஆள்காட்டி இன்னும் உரக்கக் கத்தியது.

6.21. இரண்டாவது சங்கு. பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். வெளிச்சம் மங்கிவிட்டது. திட்டின் கடைசிப் பக்கத்தை நாணல் மறைத்தது. காவல் அறை தெரிந்தது. ஜன்னல் இருட்டாக இருந்தது.

இப்போதுதானே அங்கிருந்து பேசினான்... விளக்குப் போடாமலா உட்கார்ந்திருக்கிறான்?

6.24. ரிசீவரைக் காதில் வைத்தேன். தண்ணீர். முன்பைவிடக் கிட்டத்தில்.

“கொக்கு...?”

தண்ணீர் மட்டும்தான்.

வைத்துவிட்டேன். ‘காலி’ வந்துவிட்டது, எழுதியாகிவிட்டது. என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், பாவி.

6.26. மூன்றாவது சங்கு. பொத்தானை அழுத்தினேன்.

ஒன்று... இரண்டு... மூன்று...

நாலாவது ஷட்டர் ஏறியது.

சிவப்பு விளக்கு அணைந்தது.

6.32. ஆள்காட்டிச் சத்தம் நின்றது.

சட்டென்று.

6.33. போன் அடித்தது. என் தங்கச்சி.

“அண்ணா... திறந்துட்டியா?”

“திறந்தாச்சு. ஏம்மா?”

வைத்துவிட்டாள்.

எப்படி இறங்கினேன், எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. 6.50க்குக் காவல் அறை வாசலில் நின்றேன். கதவில் பூட்டுத் தொங்கியது. வெளியே போட்ட பூட்டு. டார்ச் அடித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேஜையில் போன் இருந்தது. பக்கத்தில் அவன் செல்போன். நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளி வைத்திருந்தான்.

கரையில் சரணாலயத்துப் படகுக்காரர் உட்கார்ந்திருந்தார். தலையில் கை.

“சங்கு ஊதினதும் கத்தினேன் தம்பி. வாடா வாடான்னு கத்தினேன். திட்டுல நின்னுக்கிட்டுச் சிரிக்கிறான். ‘மச்சான் சும்மா மிரட்டுறான், நான் காலின்னு சொல்லாம அவன் ஷட்டரைத் தொட மாட்டான், எனக்கு அவனைத் தெரியும்’னான்.”

அவன் அறையைப் பூட்டிக்கொண்டு திட்டுக்குப் போனதே அதற்குத்தான். போனை எடுக்கவே கூடாது என்று. பதில் வராவிட்டால் நான் திறக்க மாட்டேன் என்று. என்னை அவ்வளவு நம்பியிருக்கிறான்.

மூன்றாம் நாள் நாணலுக்குள் கிடைத்தான். சாவி சட்டைப் பையில் இருந்தது.

விசாரணையில் அந்த அழைப்பின் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். “ஆறு எப்படிடா?” என்று நான் கேட்கிறேன். தண்ணீர்ச் சத்தம். “இன்னும் கோவமா?” என்கிறேன். தண்ணீர்ச் சத்தம். “சரி” என்கிறேன். அவ்வளவுதான். அவன் குரலே இல்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். “யாரும் பதிலே சொல்லலையே. நீங்க எதுக்குச் சரின்னு சொன்னீங்க?”

என்ன சொல்வது? 6.12க்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன். இன்ஜினியர் தலை குனிந்து காகிதத்தைப் புரட்டினார். காலி என்று பேருக்கு எழுதிவிட்டுத் திறந்தேன் என்று முடிவு செய்தார்கள். வேலை போனது. போகட்டும்.

ஆள்காட்டிகள் அந்தத் திட்டுக்குத் திரும்ப வரவே இல்லை. காவல் அறையை இடித்துவிட்டார்கள். ராத்திரியில் குழாய் சொட்டினால்கூட நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

தங்கச்சி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பதினொரு மாதம் ஒரு வார்த்தை கிடையாது. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. போன வாரம் அவளாக வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

“அன்னைக்கு எனக்கு ஒரு போன் வந்துச்சு. இதை விசாரணையில சொல்லல. யாரு நம்புவாங்க?”

“எப்ப?”

“ஆறு பன்னெண்டு. உன் கண்ட்ரோல் ரூம் நம்பர். நீதான்னு எடுத்தேன். ஒரே தண்ணிச் சத்தம். அப்புறம் அவரு பேசினாரு.”

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“‘உங்கண்ணன்கிட்ட சொல்லு, அவன்கிட்ட இப்பப் பேசறது நான் இல்லன்னு.’ இதை மட்டும்தான் சொன்னாரு. கட்டாயிடுச்சு. உடனே உனக்குப் போட்டேன். எங்கேஜ்டு. திரும்பத் திரும்பப் போட்டேன். நீ திறக்கிற வரைக்கும் எங்கேஜ்டு. அதுக்கப்புறம் லைன் கிடைக்கவே ஏழு நிமிஷம்...”

அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“பதினாலு நிமிஷம்ணா. யாரோட பேசிக்கிட்டிருந்தே?”