சீரில் வந்த காரும் அதன் பிரேக்கும்

என் சீரில் வந்த அண்டாவிலிருந்து எண்ணெய்க் கரண்டி வரை எல்லாவற்றிலும் எங்கள் அப்பச்சி பேரின் இரண்டு எழுத்து வெட்டியிருக்கும். பெற்ற தகப்பனைத்தான் நாங்கள் அப்பச்சி என்போம். பள்ளிக்கூடம் அதிகம் போகாத எனக்கு முதலில் தெரிந்த எழுத்தும் அந்த இரண்டுதான். எழுத்து வெட்டிய சாமான் பெண்ணுக்குச் சொந்தம். புருசன் வீட்டார் புழங்கலாம், தூக்கிக் கொடுக்க முடியாது. அந்தச் சீரில் ஒரு காரும் வந்தது. காரில் எழுத்து வெட்ட யாருக்கும் தோன்றவில்லை.

பர்மா யாவாரம் நன்றாக நடந்த காலத்துச் சீமைக் கார். அறுபதுகளின் கடைசியில் அது காரைக்குடி வீட்டுக் கொட்டகையில் வருசக்கணக்காகச் சும்மா நின்றது. என் வீட்டுக்காரர் பினாங்கில் இருந்தார். இங்கே அதிகாரம் அவருடைய அண்ணனுக்கு. நான் அயித்தான் என்று கூப்பிடுவேன். ஒருநாள் அவர் மெட்ராஸிலிருந்து பழைய சாமான் வாங்கும் தரகர் ஒருவரைக் கூட்டிவந்து கொட்டகையைத் திறந்துவிட்டார்.

நான் போய்க் கதவை மறித்து நின்றேன்.

“என் சீரை யாருக்குக் காட்டுறீக?”

“ஓடுனா நிக்கணும் ஆத்தா, அதுதான் காரு. இது பிரேக்கெல்லாம் துருவேறிக் கெடக்கு. உருட்டிவிட்டா எங்குட்டுப் போயி முட்டும்னே தெரியாது. இது சீரில்லை, தட்டுமுட்டு.”

“நிக்க வச்சிட்டா?”

“நிக்க வச்சிட்டா நான் வாயே தொறக்கலை. வெள்ளிக்கெழமை இவரு லாரியோட வருவாரு. அதுக்குள்ள நிக்க வச்சுக்க.”

சொல்லிவிட்டுத் தரகரைப் பார்த்துச் சிரித்தார். அடுப்படியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் சத்தமாகவே “சரி” என்றேன்.

புதுவயல் மில் லாரிகளுக்கு வேலை செய்யும் மெக்கானிக்கை வரவழைத்தேன். இஞ்சின் இருமி இருமிக் கிளம்பிவிட்டது. பிரேக்குதான் பாடு. சக்கரங்களைக் கழற்றி, டிரம்மை மரச்சுத்தியால் சுற்றிவரத் தட்டி வெளியே எடுத்தார். அகலவாய்ச் சட்டி மாதிரி ஒரு வட்ட இரும்பு. உள்ளே இருக்கும் கட்டை அதை அழுத்திப் பிடித்தால் சக்கரம் நிற்கும். அவ்வளவுதான் சங்கதி. துரு பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது.

“இதை உப்புத்தாள்ல தேச்சு எப்ப முடிக்க, ஆச்சி?”

“உப்புத்தாள் கடைசிக்கு வச்சுக்கப்பா. முதல்ல புளியில போடு.”

பழைய புளியைக் கரைத்துக் கல்தொட்டியில் ஊற்றி நான்கு டிரம்மையும் அமுக்கினேன். மறுநாள் தேங்காய் நாரால் தேய்க்க, துரு குழம்பாக வழிந்தது. கழுவித் துடைத்ததும் நல்லெண்ணெயை எடுத்து உள்ளும் புறமும் தடவினேன். இரும்புக்கு எண்ணெய் காட்டாமல் வைத்து எனக்குப் பழக்கமில்லை.

மெக்கானிக் தலையில் கையை வைத்துக்கொண்டார். “ஆச்சி! தோசை ஒட்டாம வரத்தானே கல்லுல எண்ணெய் தடவுவீக? இங்க ஒட்டுனாத்தான் ஆச்சி வண்டி நிக்கும்!”

“அதை நேத்தே சொல்லியிருக்கணும். தொடைச்சு எடு.”

முனகிக்கொண்டே பெட்ரோல் தொட்டுத் துடைத்தார்.

வெயிலில் காய்ந்த வெற்று இரும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கரண்டியில் இருக்கும் எழுத்து இதில் இல்லாததால்தானே அயித்தானுக்கு இந்தத் துணிச்சல் வந்தது? பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவரைக் கூட்டிவரச் சொன்னேன்.

“இது சக்கரத்துச் சாமானுல்ல ஆச்சி? உளி மழுங்கிப் போகும்.”

“மழுங்குனா வேற உளி எடு. நாலுலயும் வெட்டணும்.”

“லேசா வெட்டுங்கண்ணே, ஆழமா எறங்கிறாம,” என்று மெக்கானிக் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார். பிறகு வெளிப்பக்கத்துக்கு மட்டும் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். உள்பக்கம் வெறும் இரும்பாகவே இருக்க வேண்டுமாம். காய்ந்ததும் எழுத்தின் மேலிருந்த பெயிண்டை நானே ஊசியால் சுரண்டினேன். கறுப்பில் வெள்ளி மாதிரி தெரிந்தது. புதுக் கட்டை மாட்டிச் சக்கரத்தைப் பூட்டினார். கம்பிச் சக்கரம், இடுக்கு வழியாக எழுத்து நன்றாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை தரகரின் லாரி தெருவில் நின்றது. மெக்கானிக் காரை ஓட்ட, நான் பக்கத்தில் முன்சீட்டில் ஏறினேன். எங்கள் வீட்டுப் பெண்கள் பின்சீட்டில் திரை போட்டுப் போகிறவர்கள். தெருமுனை வரை போய்த் திரும்பி வேகமாக வந்தோம். வாசலில் அயித்தானும் தரகரும் நின்றார்கள்.

“முட்டும்னீகள்ல? அங்குட்டே நில்லுங்க!” என்று கத்தினேன்.

அயித்தான் நிற்கவில்லை. வேட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டார். கார் அவர் நின்ற இடத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. வீட்டுக்குள் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

தரகர் காரைச் சுற்றிவந்தார். “இப்ப இன்னும் நல்ல வெலைக்குப் போகுமே” என்று அயித்தான் பக்கம் திரும்பினார். அயித்தான் முகத்திலும் ஆசை தெரிந்தது.

நான் இறங்கிச் சக்கரத்தைக் காட்டினேன். “அயித்தான், நான் படிக்காதவ. அதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

குனிந்து பார்த்தார். நிமிர்ந்தவர் தரகரிடம், “நீங்க லாரியைத் திருப்பிக்கிட்டுப் போங்க” என்றார். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, அதற்கப்புறம் காரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

நான் மறுபடி முன்சீட்டிலேயே ஏறி, காளையார்கோவிலுக்கு விடச் சொன்னேன். கோயில் வாசலில் கைப்பிரேக்கை நானே இழுத்தேன். கெட்டியாகத்தான் பிடித்தது.