அண்ணனின் முடி இருந்த ப்ரூச்

எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். நான் பிறப்பதற்கு முன்பே, இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். போட்டோகூடக் கிடையாது. அவனுடையது என்று அம்மாவிடம் மிஞ்சியிருந்தது ஒரு கொத்து முடி மட்டும்தான். அதையும் போன வருடம் நான் தொலைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்காமல் செய்தேன் என்பதுதான் சரி.

அந்த முடி, சேலையில் குத்திக்கொள்ளும் ஒரு ப்ரூச்சுக்குள் இருந்தது. அம்மா அபிராமம் பக்கம் டீச்சராக இருந்தபோது, ஓய்வு பெற்றுப் போன தலைமையாசிரியை கொடுத்தது. அவருக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரி கொடுத்தாளாம். முன்பக்கம், அலகில் நீலப் பூவைக் கவ்விக்கொண்டு பறக்கும் குருவி. சுற்றிலும் கொடியும் இலையும். பின்பக்கம் சின்னதாக, உள்ளே இருப்பது தெரியாதபடி மங்கிப்போன ஒரு கண்ணாடி மூடி. வேண்டியவர்களின் முடியை அதற்குள் வைத்து நெஞ்சில் குத்திக்கொள்வது அந்தக் கால வெள்ளைக்காரர்களின் பழக்கம்.

நம் வழக்கம் வேறு. குலதெய்வம் கோயிலில் இறக்கும் முதல் முடி முழுவதும் சாமிக்குத்தான். ஒரு இழைகூட வீட்டுக்கு வரக்கூடாது. அம்மா ஒரு கொத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். அடுத்த வருடமே பிள்ளை போனதும், சாமி குத்தம் என்பார்களோ என்று அய்யாவிடம்கூட வாயைத் திறக்கவில்லை. பிறகு ப்ரூச் வந்தது, முடி அதற்குள் போனது. இதெல்லாம் எனக்குக் காரியம் கெட்ட பிறகுதான் தெரியும்.

என் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். பட்டுச்சேலைக்கு அந்த ப்ரூச் எடுப்பாக இருக்கும் என்று எனக்கு ஆசை. அம்மா முதுகுளத்தூரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்த நேரம், அவள் பெட்டியிலிருந்து எடுத்து ராமநாதபுரத்தில் ஒரு ஆசாரியிடம் மெருகு போடக் கொடுத்தேன். பின்பக்கக் கண்ணாடி மூடியைக் கழற்றியவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"உள்ள முடி இருக்குக்கா. ஒங்களுக்கு ஆகாதவுக யாரும் வீட்டுக்கு வந்து போனாகளா?"

அவ்வளவுதான். என் புத்தி நேராக நாத்தனாரிடம் போய் நின்றது. நாலு நாள் தங்கி, என் சாம்பாரில் உப்பில்லை என்று ஊர்பூராவும் சொல்லிவிட்டுப் போன மகராசி. செய்வினை வைக்கிற அளவுக்கு அவளுக்குத் துப்பு உண்டா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மறுநாள் காலை, அதைக் கடலில் விட்டுக் கழிக்க ராமேஸ்வரம் பஸ் ஏறினேன். அக்னி தீர்த்தத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த அந்த முடியைத் தலைக்குப் பின்னால் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மூன்று முழுக்குப் போட்டேன். வெளியே வந்து வயிறாரச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா ஊரிலிருந்து வந்ததும் ப்ரூச்சை அவள் கையில் கொடுத்தேன். பளபளத்த குருவியை அவள் பார்க்கவே இல்லை, பின்பக்கம் திருப்பினாள். உள்ளே இருந்தது எங்கே என்று கேட்டாள். நான் பெருமையாகச் சொன்னேன், நாத்தனாரையும் சேர்த்து வைதுகொண்டே. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் கதை வந்தது. அடிப்பாவி என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. இத்தனை வருஷம் என்னிடம் ஏன் மறைத்தாய் என்று நான்தான் அவளிடம் கத்தினேன். வெட்கங்கெட்ட கோபம்.

"அங்கன என்னயக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

போனோம். பிள்ளையைப் புதைக்கத் தூக்கிப் போனபோது, பொம்பளை வரக்கூடாது என்று தன்னை வாசலிலேயே நிறுத்திவிட்டதை பஸ்ஸில்தான் சொன்னாள். புதைத்த இடத்தை அப்புறமும் யாரும் அவளுக்குக் காட்டவில்லை. ஒரு மழையில் கண்மாய் உடைத்துக்கொண்டு போனதில் அந்த மேடும் கரைந்துவிட்டதாம்.

கரையில் நின்று, "எந்த எடத்துல ஆத்தா விட்ட?" என்று கேட்டாள்.

எனக்கு எந்த இடம் தெரியும்? அத்தனை பேர் முங்கிக்கொண்டிருந்த தண்ணீரில், தோன்றிய பக்கம் கையைக் காட்டினேன். முழங்கால் வலியோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா இறங்கி, அங்கே போய் நின்றாள்.

"அவன் இருக்குற எடத்த இப்பத்தான் பாக்குறேன்" என்றாள்.