லாட் நம்பர் போட்டுக் கேட்ட பாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையானால் போடியில் என் ஏலக்காய்க் கடை மாடியில் மூன்று பேர் கூடுவோம். பாட்டுக் கேட்கத்தான். ஆனால் ஆறு மாதமாகப் பாட்டு குறைந்து பஞ்சாயத்து கூடிவிட்டது. காரணம், இரைச்சலை வடிகட்ட, தீப்பெட்டி அளவில் ஒரு பில்டர். லேப்டாப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே அதை மாட்டினால் பாட்டு தெளிவாகும் என்று சொல்லி விற்கிறார்கள்.

வாங்கி வந்தவர் மலையில் எஸ்டேட் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணன். "ஜால்ரா எம்புட்டுத் துல்லியமா வருது, கேளுங்க தம்பி" என்பார். எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் நண்பர் விடமாட்டார். "அண்ணே, உள்ள போறது வெறும் பூஜ்யமும் ஒண்ணும். அதுல எதைச் சலிக்கப் போறீங்க?" டீ ஆறிப்போகும். எனக்கு இரண்டு பேருமே சலித்துவிட்டார்கள்.

அண்ணன் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். வலது காது மந்தம், தள்ளிப்போட்டால் இன்னும் குறையும், சீக்கிரம் வந்து மிஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். ஜீப்பில் மலையிறங்கி வரும்போது அதை என்னிடம் சொன்னவர், "யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்றார்.

ஒரு ஞாயிறு இருவரும் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்குச் சண்டை முற்றியது. யோசனை சொன்னவன் நான்தான். ஏலக்காய் ஏலத்தில் சாம்பிள் காய் எந்த எஸ்டேட்டுடையது என்று எழுதுவதில்லை, லாட் நம்பர் மட்டும்தான். பெயரைப் பார்த்து யாரும் விலை கேட்டுவிடக் கூடாது. அதே மாதிரி, பில்டரை மாட்டியும் கழற்றியும் ஒரே பாட்டை ஆறு லாட்டாகத் திரைக்குப் பின்னாலிருந்து போடுகிறேன், எதில் பில்டர் இருக்கிறது என்று அண்ணன் சொல்லட்டும் என்றேன்.

ஆறில் இரண்டுதான் சரி. எதில் பில்டர் என்று நான் குறித்து வைத்திருந்த சீட்டை இன்னொரு தடவை பார்த்தேன். அண்ணன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். "ஆறும் சரிண்ணே" என்று சொல்லிச் சீட்டைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பாதி இரக்கம். மீதி, இந்தச் சண்டை ஒழிந்தால் போதும் என்ற அலுப்பு.

எலக்ட்ரிகல் கடைக்காரர் பில்டரைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மறுவாரம் அவரும் ஒரு பில்டர் வாங்கிவிட்டார். அவருக்கும் இப்போது ஜால்ரா துல்லியமாகக் கேட்கிறதாம். அப்பாடா என்று இருந்தேன்.

போன வாரம், மதுரைக்கு எப்போது போகிறீர்கள் என்று அண்ணனிடம் தனியாகக் கேட்டேன். சிரித்தார்.

"எதுக்கு தம்பி? ஆறுக்கு ஆறு சொன்னேன்ல? அந்த டாக்டருக்கு வேற சோலி இல்ல."

கசங்கிய சீட்டு இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் மாடியேறினேன். அண்ணன் எனக்கு முன்பே வந்து பாட்டைப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்ச் சத்தத்தை இன்னும் இரண்டு கோடு ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இப்பத்தான் தெளிவா இருக்கு" என்றார்.