அம்மாவின் சீட்டை மாற்றிய கதை

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தது நான்கு பேர்: கட்டிலில் அம்மா, ஸ்டூலில் அப்பா, சுவரில் சாய்ந்தபடி மாமா, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நான். நர்ஸ் வருவதும் போவதுமாக இருந்ததால் கணக்கில் சேர்க்கவில்லை. மறுநாள் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன்.

காலையில்தான் இராஜபாளையத்தில் எங்கள் சபையின் புத்தாண்டு ஆராதனை. முடிந்ததும் ஒரு டப்பாவிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று சொல்லும் பைபிள் வார்த்தை அது. அம்மாவுக்காக நான் எடுத்த சீட்டு, துன்பம் உண்டு என்றுதான் ஆரம்பித்தது. அதற்குமேல் வாசிக்கத் தெம்பில்லை. பின்னாளில் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அப்போதே பாதி வாசித்து முழுசாகப் பயப்படுவேன்.

மாமாவுக்கு வந்ததோ, வானத்து நட்சத்திரம்போலப் பிள்ளைகள் பெருகும் என்று. முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையாத மாமா அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, பஸ்ஸில் தூங்கிப்போனார். அவர் சட்டைப் பையில் கைவிட்டுச் சீட்டை மாற்றிவிட்டேன். ஆண்டவர் கவனித்திருக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

வார்டில் நான் நீட்டியதை அம்மா வாசித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “நாளைக்குக் கர்ப்பப்பையவே எடுக்கப் போறாக. அம்புட்டுப் பிள்ளையையும் எங்கனக்குள்ள வச்சுப் பெக்க?”

மாமா பையைத் தடவிப் பதறினார். “யக்கா, அது எம் பிள்ளைய! குடு இங்க!”

“மொதல்ல பொண்ணப் பாருங்க மாப்ள” என்றார் அப்பா.

நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. மாமாவிடமிருந்து தன் சீட்டை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். கீழ்வரியில், அந்தத் துன்பத்திலும் நான் உன்கூட இருப்பேன் என்றிருந்ததாம்.

“வேற சீட்டு எடுத்துட்டு வாரேம்மா. டப்பாவுல நெறையக் கெடக்கு.”

“வேண்டாம்டி. இதுதான் எனக்கு.”

“மேல் வரியப் பாத்தியாம்மா?”

“பாத்தேன் ஏட்டி” என்று சீட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அசந்து தூங்கிவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வீடு வந்த பிறகும் ரொம்ப நாள், பாவம், பயத்தில் அம்மா மேல் வரியைச் சரியாக வாசிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.