பாலில் ஒன்று, சூப்பில் ஒன்று, பையில் ஒன்று

எங்கள் டிப்போவில் டிரைவர் அண்ணனுக்கு ஆந்தை என்று பட்டப்பெயர். விடியும்முன் கிளம்பும் முதல் பஸ்ஸுக்கு அவரையும் கண்டக்டரான என்னையும் மாற்றியதிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயே போய்விட்டது. காலையில் பார்த்தால் கண் இரண்டும் சிவந்து கிடக்கும்.

மருந்து என்று யாராவது வாயைத் திறந்தால் மட்டும் சிலிர்த்துக்கொள்வார். "இலை தழையெல்லாம் ஆட்டுக்குடா. எனக்கு எதுக்கு?" என்பார். இந்த வீறாப்புதான் எல்லா வினைக்கும் காரணம்.

கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போன அண்ணி, அவருக்குத் தெரியாமல் இரவுப் பாலில் ஜாதிக்காய்த் தூளைக் கலந்தார். கல்லூரியில் படிக்கும் மகள், அம்மாவுக்கும் சொல்லாமல் சூப்பில் தூக்கம் வரவழைக்கும் அமுக்கராப் பொடியைப் போட்டாள். மிளகுக் காரத்தில் தெரியாது என்பது அவள் கணக்கு. நம் வீரரோ, வெளியே வாய் கிழியப் பேசிவிட்டு, தூக்கத்துக்கான மூலிகை மாத்திரையை வாங்கிச் சாப்பாட்டுப் பையில் ஒளித்து வைத்திருந்தார். படுக்கும்போது இரண்டு, தூக்கம் வராவிட்டால் எழுந்து இன்னும் ஒன்று.

ஒருநாள் சிக்னலில் பச்சை விழுந்தும் பஸ் நகரவில்லை. பின்னால் ஒரே ஹாரன். ஓடிப்போய்ப் பார்த்தேன். கை ஸ்டியரிங்கில், கண் திறந்தபடி இருந்தது, ஆள் அங்கே இல்லை. தோளை உலுக்கியதும் விழித்து, பஸ்ஸை ஓரங்கட்டி, சாவியை உருவி என் கையில் வைத்தார்.

பயணிகள் திட்டித் தீர்த்தார்கள். தூங்கினேன் என்று ஒப்புக்கொண்ட டிரைவருக்கு எங்கள் டிப்போவில் ஸ்டியரிங் திரும்பக் கிடைப்பது குதிரைக்கொம்பு. அவருக்கோ ஸ்டியரிங்தான் உயிர்.

"வண்டி மக்கர் பண்ணிச்சுன்னு சொல்லிடலாம்ணே."

"வண்டி மேல பழி போடாதடா. அது ஒழுங்காத்தான் இருக்கு."

மேனேஜரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். அன்றே ஷெட் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

மாலையில் அண்ணியையும் மகளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனோம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டதும் அண்ணன் பையிலிருந்த மாத்திரை டப்பாவை எடுத்தார். அண்ணி பாலைச் சொன்னார், மகள் சூப்பைச் சொன்னாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள்.

"மூலிகையும் மருந்துதாங்க" என்றார் டாக்டர். "பாசம் இருக்கட்டும். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிட்டாவது குடுக்கக்கூடாதா?" எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

சில வாரங்களில் அண்ணனின் முகம் தெளிந்தது. டாக்டரும் ஓட்டலாம் என்றுவிட்டார். அதிசயமாக மேனேஜரே கூப்பிட்டுச் சாவியை நீட்டினார். அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேரே ஷெட்டுக்குப் போய் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவரிடம் கத்தினேன்.

"கெடச்சதை ஏண்ணே விட்டீங்க?"

"இப்பதான்டா தூங்குறேன்."

"அதான் சரியாயிடுச்சே, அப்புறம் என்ன?"

அவர் காற்றுக் குழாயைக் கீழே வைத்தார்.

"பஸ் ஓட்டின வரைக்கும், ராத்திரி கண்ணை மூடினாப் போதும், பஸ்ஸோட எல்லாரையும் பள்ளத்துல தள்ளிடுவேன். தினம் அதே கனவுதான். நீயும் அதுல இருப்ப. காலையில பின்னாலேருந்து நீ விசில் அடிப்ப பாரு, அப்பத்தான்டா நீ உயிரோட இருக்கேன்னு எனக்கு மூச்சே வரும்."