சூரியநெல்லிக்குத் துப்பாக்கி பார்க்கப் போன கதை

காலை ஐந்தே முக்கால். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ்ஸுக்காக நானும் அண்ணன் நடராஜும் நின்றோம். போகும் இடம் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி. கேரளத்திலிருந்து கேரளத்துக்குத்தான் போகிறோம், ஆனால் நடுவே தமிழ்நாட்டைக் கடக்காமல் போனால் ஊரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். கைப்பையில் இரண்டு பொட்டலம் புளிசாதம், ஒரு ஸ்வெட்டர், அண்ணனின் பைனாகுலர். போகிற காரியத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். துப்பாக்கி பார்க்கப் போகிறோம், பெண் பார்க்கப் போகிற மாதிரி.

அண்ணனின் தோட்டம் பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தில் இருக்கிறது. தென்னைக்கு நடுவே மூன்று ஏக்கர் நிலக்கடலை. இரண்டு போகமாகக் காட்டுப்பன்றி உழுது தின்றுவிட்டது. உழுதது என்றால் உழுததுதான், ஏர் ஓட்டியவன்கூட அத்தனை ஆழம் போகமாட்டான். "இந்தப் போகமும் போச்சுன்னா நெலத்த வித்துப்போட்டு உன்ற ஊட்டுப் பக்கம் வந்துருவேன் அம்மிணி" என்று திருப்பூருக்குப் போன் செய்து சொன்னபோது அவர் குரல் நன்றாகவே இல்லை. அதற்காகத்தான் லீவு போட்டு வந்தேன்.

அவரிடம் அப்பா காலத்து இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கி இருக்கிறது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுடப் பஞ்சாயத்து அனுமதி தருகிறது. லைசன்ஸ் உள்ளவர்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம். சுட்ட பன்றியைத் தின்னக் கூடாது, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கவேண்டும். போன வருஷம் அண்ணன் சுட்டார். பட்டது, விழவில்லை. நான்காம் நாள் யாரோ ஒருவரின் கிணற்று மேட்டில் அது செத்துக் கிடந்தது. அன்றிலிருந்து இவருக்கு உறுத்தல். இந்தத் துப்பாக்கி போதாது, ரைஃபிள் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்.

பிடித்துக்கொண்டால் மனிதர் விடமாட்டார். செல்போனில் வெளிநாட்டுக்காரர் ஒருவரின் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். மானுக்கு எந்த கேலிபர், எல்க்குக்கு எந்த கேலிபர் என்று அந்தத் தாடிக்காரர் பனியில் நின்று விளக்குவாராம். கேலிபர் என்றால் குழலின் உள்ளளவு. எல்க் என்பது அங்கத்திய பெரிய மான், நம் கடமானையும் மிஞ்சிய உடம்பு. "மானுக்கு எரநூத்தி எழுவது போதும். எல்க்குக்கு முப்பது நாட் சிக்ஸ். நம்ம பன்னி ரெண்டுக்கும் நடுவால. நம்மூர்ல கெடைக்கறது த்ரீ ஃபிஃப்டீன், அதுவே கச்சிதம்" என்று காப்பி ஆறுவது தெரியாமல் எனக்குப் பாடம் எடுத்தார். சூரியநெல்லியில் ஒருவர் அப்படியொரு ரைஃபிளை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, போன மாதமே போனில் பேசி வைத்திருந்தார்.

விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, கடலைக்காட்டின் கிழக்குக் கோடியில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. பொன்னம்மா அக்காவின் மாட்டுக்கொட்டகை. சொஸைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர், நாலு மணிக்கே எழுந்துவிடுவார். "ஏனுங் அம்மிணி, மறையூர் வழியாத்தான போறீங்க? ரெண்டு கிலோ வெல்லம் வாங்கியாங்க. இங்க விக்கிறதுல பாதி சக்கரை" என்று கொட்டகையிலிருந்தே கத்தினார்.

பஸ் கிளம்பியது. கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தல் நேரம். கோபாலபுரம் செக்போஸ்ட் வரை சுவரெல்லாம் சிரிக்கும் முகங்கள். செக்போஸ்ட்டைத் தாண்டியதும் அந்த முகங்கள் காணாமல் போய், ஜவுளிக்கடை விளம்பரம் வந்துவிட்டது. பொள்ளாச்சியில் டீ பதினைந்து ரூபாய். அங்கிருந்து உடுமலைப்பேட்டை முப்பது கிலோமீட்டர் சொச்சம், சாலை வழுக்கிக்கொண்டு போகிறது.

உடுமலையில் மூணாறு பஸ் ஏறும்போது மணி எட்டு. ஏறத்தாழ எண்பத்தைந்து கிலோமீட்டர், ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் என்று எழுதிக்கொள்ளுங்கள். நேரம் போகாமல் அண்ணனிடம் கேட்டேன், அதென்ன பன்னிரண்டு போர், எதில் பன்னிரண்டு? ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எத்தனை பருமனோ, அதுதான் அந்தக் குழலின் அளவாம். த்ரீ ஃபிஃப்டீன் என்பதோ ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் முந்நூற்றுப் பதினைந்து பங்கு. ஒன்றை மளிகைக்கடைக்காரரும் மற்றதைப் பொற்கொல்லரும் அளந்த மாதிரி இருக்கிறதே என்றேன். அண்ணன் முறைத்தார்.

சின்னாறு செக்போஸ்ட்டைத் தாண்டி மறுபடி கேரளம், வனவிலங்குச் சரணாலயம். முள்காட்டு ஓரம் பஸ் மெதுவானபோது ஒரு கடமான் நின்றிருந்தது. ஈரமான மூக்கு, மரக்கிளை மாதிரிக் கொம்பு, எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அண்ணன் பைனாகுலரை எடுத்துவிட்டார்.

"பாரு அம்மிணி, எல்க்குக்குச் சித்தப்பன் மகன். முந்நூறு கிலோவுக்குக் கொறையாது. இதுக்கெல்லாம் முப்பது நாட் சிக்ஸ்..."

கண்டக்டர் திரும்பினார். "அண்ணாச்சி, அதுக்கு நம்பரு சொல்லாதீங்க. சொன்னாலே கேசு." பஸ்ஸே சிரித்தது. அண்ணன் பைனாகுலரை உள்ளே வைத்தார். மறையூரில் மீண்டும் சுவர்களில் சிரிக்கும் முகங்களைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர யோசிக்கவில்லை, அதுதான் எங்கள் லட்சணம்.

மூணாறில் பஸ் மாறி, கேப் ரோடு என்ற மலைச்சாலையின் மேகத்துக்குள் நுழைந்து, சின்னக்கானல் தாண்டிச் சூரியநெல்லியில் இறங்கும்போது ஒரு மணி. குளிர் எலும்பைத் தடவியது. தேயிலைச் சரிவுகளுக்கு இடையே ஏலக்காய்த் தோட்டம், அதன் ஓரம் ஓட்டு வீடு. ரைஃபிளை விற்கும் செல்வராஜ் வாசலிலேயே நின்றார். ஃபேக்டரி வேலையை விட்டு இப்போது டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறார், அண்ணன் வயதுதான். அவர் மனைவி தனலட்சுமி கறுப்புக் காப்பி கொண்டுவந்தார்.

அண்ணனுக்குக் காப்பி இறங்கவில்லை. "சாமானத்தப் பாக்கலாமுங்களா?"

செல்வராஜ் விழித்தார். "எதை? துப்பாக்கியவா? அது ஸ்டேஷன்லல்லா இருக்கு! எலக்சன் வந்துட்டுன்னா எல்லாரும் ஒப்படைக்கணும்லா. நீங்க லைசன்ஸ்காரரு, தெரியாமலா இருக்கும்? சும்மா எடத்தையும் எங்களையும் பாத்துட்டுப் போக வாறீகன்னு நெனச்சேன்."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். தன் துப்பாக்கியைப் போன வாரம்தான் எங்கள் பக்கத்துச் சித்தூர் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கியிருக்கிறார். "ரெண்டு செக்போஸ்ட்டு தாண்டி வந்தமுங்க... வேற ஸ்டேட்டுன்னே நெனப்பாயிப் போச்சுங்க." எல்லையில் பிறந்தவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி இது. நான் சிரித்த சிரிப்பில் காப்பி சிந்தியது. ஏழு மணி நேரப் பயணம், பார்க்க வந்த பெண் ஊரிலேயே இல்லை!

தனலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. "எதுக்கு விக்கிறாகன்னு கேட்டீகளா?" என்றார்.

"ஏய், விடு" என்றார் செல்வராஜ்.

"சொல்லாமக் குடுத்தா எனக்குத் தூக்கம் வராது." வீட்டுப் பக்கவாட்டுக்குப் போய் ஒரு தகர டின்னைத் தூக்கிவந்தார். பழைய அரிசி டின், இப்போது அதில் புதினா வளர்கிறது. மண்ணுக்கு மேலே, ஒரு பக்கம் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. மறுபக்கம் தகரம் கிழிந்து பூவாக விரிந்திருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு நாள் அந்தியில் செல்வராஜ் ஓடைக்குள் நின்று, மேட்டு முகட்டில் நின்ற பன்றியைச் சுட்டார். பஞ்சாயத்து அனுமதியோடுதான். குறி தப்பவில்லை. பன்றி நின்ற இடத்திலேயே விழுந்தது. ஆனால் குண்டு அதற்குள் நிற்கவில்லை. முகட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்துச் சரிவில் தொழிலாளர் லயத்து வரிசை வீடொன்றின் அடுக்களைக்குள் போய், அரிசி டின்னைத் துளைத்துச் சுவரில் பதிந்தது. அந்த அடுக்களை தனலட்சுமியின் கூடப்பிறந்த தங்கையுடையது.

"அவ அடுப்பு ஊதக் குனிஞ்சிருக்கா. அவ்வளவுதான். குனியலைன்னா..." என்று நிறுத்தி, முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "அரிசியெல்லாம் தரையில கொட்டிக் கெடக்கு, அவ நடுவுல உக்காந்து என் பேரச் சொல்லி அழுதுட்டு இருந்தா."

செல்வராஜ் தரையைப் பார்த்தபடியே பேசினார். "நானே ஸ்டேஷன்ல போய்ச் சொன்னேன். பஞ்சாயத்துல எம் பேர எடுத்துருங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன். துப்பாக்கி மேல குத்தமில்ல அண்ணே. நல்ல துப்பாக்கி. கீழ பாத்துச் சுட்டிருந்தா மலை குண்ட வாங்கியிருக்கும்." பிறகு நிமிர்ந்தார். "உங்க நெலம் எப்படி?"

"சப்பட்டைங்க. கைய விரிச்சு வெச்சாப்பல."

"மேடு?"

"மேடே இல்லைங்க. வாய்க்காக் கரை ஒண்ணு, மேக்கால."

"அப்ப குண்டு எங்க போய் நிக்கும்?"

அண்ணன் டின்னை வாங்கினார். சிறு ஓட்டை வழியாகப் பார்த்தார், டின்னைத் திருப்பிப் பெரிய ஓட்டை வழியாகவும் பார்த்தார். மானுக்கு எது, எல்க்குக்கு எது, நடுவே பன்றிக்கு எது என்று மாதக்கணக்காகப் படித்த மனிதர். அந்த வீடியோத் தாடிக்காரர் குண்டு எங்கே நிற்கும் என்பதையும் சொல்லியிருப்பார், அண்ணன்தான் தள்ளிவிட்டுப் பார்த்திருப்பார். கிளம்பும்போது, "இத ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார். தனலட்சுமி புதினாவில் ஒரு கொத்துக் கிள்ளி என் பையில் வைத்தார்.

திரும்பும் வழியில் மறையூரில் பஸ் நின்றபோது வெல்லம் வாங்கினோம். கிலோ நூறு ரூபாய், உருண்டையைப் பிட்டால் உள்ளே இன்னும் கரும்பு வாசம். உடுமலை வரை அண்ணன் டின் போட்டோவையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கோ பயமாகத்தான் இருந்தது. கடலைக்காட்டையும் விடமுடியாது, ரைஃபிளையும் வாங்கமுடியாது, இந்த மனிதர் என்னதான் செய்வார்?

திருப்பூரில் எங்கள் வீட்டுக்கு முன்னும் சுவர், பின்னும் சுவர். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் பனியன் காய்வது தெரியும். தூரம் என்பதே இல்லாத ஊர். அதனால் ஒரு குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று யோசிக்கவேண்டிய தேவை எனக்கு வந்ததே இல்லை. பெருமாட்டியில் எல்லாம் திறந்து கிடக்கிறது. அதைத்தான் இத்தனை வருஷமாக அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேர்தல் முடிந்து சில நாள் கழித்து, காலையில் அண்ணன் போன் செய்தார். பழைய பன்னிரண்டு போர் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டதாம். ரைஃபிள் வேண்டாம் என்று செல்வராஜிடம் சொல்லிவிட்டாராம். தென்னையில் பரண் கட்டப் போகிறாராம், மேலிருந்து கிட்டத்தில், மண்ணைப் பார்த்துச் சுடுவதற்கு.

"பன்னி வருதா?" என்றேன்.

"இன்னிக்கு வெள்ளன வந்துச்சு அம்மிணி. நாலு மணிக்கு. கைல துப்பாக்கி, கண்ணு முன்னால பன்னி, முப்பதடி. கொழுத்தது."

"சுட்டியாண்ணா?"

"இல்ல."

"ஏன்?"

"பன்னிக்குப் பின்னால பொன்னம்மாக்கா கொட்டாய்ல லைட்டு எரிஞ்சுது."

"அப்பறம் என்ன பண்ணே?"

"என்ன பண்றது, பாத்துட்டே நின்னேன். ஒரு வரப்பு முழுக்கத் தின்னுபோட்டுப் போச்சு." பிறகு உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்தக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. நீ வாங்கியாந்த வெல்லத்துல காப்பி வெச்சுக் கொண்டாந்து குடுத்துச்சு. அதத்தான் குடிச்சுட்டு இருக்கேன்."